தசாவதாரம்தான் பரிணாம வரிசையா? மீனுக்கு முன்னால் யார் இருந்தார்கள்?

செந்தூல்_மாமா:
போன வாரம் ஒரு கோயில் சொற்பொழிவில் கேட்டது. மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், வாமனன் என்று வரிசையாகப் பாருங்கள், நீரில் தொடங்கிக் கரையேறி மனிதன்வரை முதுகெலும்பு உள்ள உயிர்கள் வந்த கதை அப்படியே இருக்கிறது, டார்வினுக்கு எத்தனையோ காலம் முன்பே நம்மவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றார். ஹால்டேன் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானியே இதை ஒப்புக்கொண்டாராம். நான் கைதட்டினேன். இங்கே உயிரியல் படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள், இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், சும்மா நக்கல் அடிக்க வேண்டாம்.

ஜெலுத்தோங்காரன்:
நக்கல் இல்லை மாமா. ஹால்டேன் அப்படி ஒரு ஒப்புமை சொன்னது உண்மைதான், அவர் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்துவிட்டவர். ஆனால் ரசித்துச் சொன்ன ஒப்புமை வேறு, சான்று வேறு. வரிசையையே எடுத்துக்கொள்வோம். ஆமைக்கு அப்புறம் பன்றி என்கிறீர்கள். பாலூட்டிகளை நோக்கிப் போன கிளை ஊர்வனவற்றின் கிளையிலிருந்து 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. சீனாவின் குய்சோவில் கிடைத்து 2008இல் வெளியான ஒடோன்டோகெலிஸ் என்ற ஆமைக்கு வயது சுமார் 22 கோடி ஆண்டு, அதற்கே வயிற்றுப் பக்கம்தான் ஓடு, முதுகில் முழு ஓடு வரவில்லை. அதாவது ஆமை ஆமையாக ஆவதற்கு வெகுகாலம் முன்பே பன்றியின் முன்னோர் தனி வழியில் போய்விட்டார்கள். தவளை இனம் இந்த வரிசையில் எங்கே என்றும் தெரியவில்லை.

செந்தூல்_மாமா:
சரி தம்பி, ஆமையை விடுங்கள். மீன்தானே முதல்? அது சரிதானே?

ஜெலுத்தோங்காரன்:
முதுகெலும்பிகளில் மட்டும் என்றால் சரி. சீனாவின் யுனான் மாநிலம் செங்ஜியாங்கில் 51.8 கோடி ஆண்டுப் பழைய பாறையில் ஹைகோயிக்திஸ் என்ற மீன் கிடைத்தது, 1999இல் அறிவித்தார்கள். நீளம் ஒரு அங்குலம்தான். கண் உண்டு, செவுள் உண்டு, உடம்பு நெடுகத் தசைக்கட்டுகள் உண்டு. தாடை கிடையாது, எலும்பு ஒரு துளிகூடக் கிடையாது. முதுகில் இருந்தது குருத்தெலும்பு மாதிரி சின்னச் சின்னத் துண்டுகள், அவ்வளவுதான்.

கெப்போங்_சந்தேகி:
எனக்குப் புராணமும் வேண்டாம், இந்த அலட்டலும் வேண்டாம். 51.8 கோடி ஆண்டுக்கு முன்னால் கண்ணும் செவுளும் வைத்துக்கொண்டு ஒரு மீன் தயாராக நிற்கிறது என்றால் அதற்கு முன்னால் என்ன? கேம்ப்ரியன் என்கிற அந்தக் காலத்தில் எல்லாம் திடீரென்று வந்தது என்று நீங்களே எழுதுகிறீர்கள், அப்புறம் மெதுவாக வந்தது என்றும் சொல்கிறீர்கள். படம் வரைந்து காட்டாதீர்கள். பாதி வழியில் நிற்கிற உயிர் ஒன்றை உயிரோடு காட்டுங்கள்.

பயோ_டீச்சர்:
காட்டலாமே. ஆம்பியாக்சஸ். ஆறாம் படிவத்தில் நான் சொல்லிக்கொடுத்தபோது கண்ணாடிச் சில்லில் பதித்த ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வேன். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் கூர், கண்ணாடி போல உள்ளே தெரியும். மணலில் உடம்பைப் புதைத்து வாயை மட்டும் வெளியே நீட்டித் தண்ணீரை வடிகட்டித் தின்னும். தலை என்று தனியாக ஒன்றும் இல்லை, மண்டையோடு இல்லை, எலும்பு இல்லை. ஆனால் மூக்கு நுனியிலிருந்து வால்வரை முதுகில் ஒரே வளையும் தண்டு, முதுகுநாண். அதன் மேலே நரம்பு வடம். தொண்டையில் செவுள் பிளவுகள். தசை ஒவ்வொன்றும் வரிவரியாக மடிந்திருக்கும், கெம்போங் மீனைத் தோலுரித்தால் தெரிகிற அதே வரி. பினாங்கில் இருக்கிற ஹொக்கியன் சீனர்கள் பலருக்குப் பூர்வீகமான சீனாவின் சியாமென் பக்கத்தில் இதை வலைபோட்டுப் பிடித்துச் சாப்பிட்டே இருக்கிறார்கள், 1923லேயே அந்த மீன்பிடித் தொழிலைப் பற்றி எழுதியாகிவிட்டது.

கெப்போங்_சந்தேகி:
அப்படியென்றால் அது இன்றும் ஏன் அப்படியே கிடக்கிறது? 50 கோடி ஆண்டாக மீனாக மாற நேரம் கிடைக்கவில்லையா?

பயோ_டீச்சர்:
இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். ஆம்பியாக்சஸ் நம் தாத்தா இல்லை. தாத்தாவின் ஜாடை கொஞ்சம் அதிகம் ஒட்டியிருக்கிற பெரியப்பா பிள்ளை. அதுவும் இத்தனை காலம் தன் போக்கில் மாறித்தான் வந்திருக்கிறது. மணலில் வடிகட்டித் தின்ன அந்த உடம்பு போதும், அது ஏன் மீனாக வேண்டும்?

ஜெலுத்தோங்காரன்:
அதைவிட நெருங்கிய உறவு படகுத்துறைத் தூண்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் டீச்சர். தொட்டால் தண்ணீர் பீச்சுகிற பைபோன்ற கடல் உயிர்கள். பார்த்தால் யாருக்கும் விலங்கு என்றே தோன்றாது, ஒரு காலத்தில் சிப்பி நத்தைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1866இல் ரஷ்யாவின் கோவலெவ்ஸ்கி அதன் குஞ்சைப் பார்த்தார். தலைப்பிரட்டை மாதிரி வால், வாலுக்குள் முதுகுநாண், மேலே நரம்பு வடம். சில மணி நேரமோ சில நாளோ நீந்திவிட்டு ஒரு பாறையில் தலையை ஒட்டிக்கொண்டு வாலை உடம்புக்குள்ளேயே கரைத்துவிடும். 2006இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது ஆம்பியாக்சஸைவிட இந்தப் பைதான் நமக்கு நெருக்கம் என்று வந்தது. மீன் மாதிரி தெரிவது தூரம், சாக்குப்பை மாதிரி தெரிவது கிட்ட. ஏணிப்படி வரிசை எனக்கு ஒத்துவராததற்கு முக்கியக் காரணம் இதுதான் மாமா.

கெப்போங்_சந்தேகி:
நூறு வருடம் ஆம்பியாக்சஸ்தான் நெருக்கம் என்று பாடம் நடத்திவிட்டு இப்போது மாற்றிச் சொல்கிறீர்கள், இதை நம்பி நான் என் பிள்ளைக்கு என்ன சொல்வது?

ஜெலுத்தோங்காரன்:
மாறியது இரண்டு உறவினரில் யார் கிட்ட என்பது மட்டும்தான். இரண்டுக்கும் நமக்கும் முதுகுநாண் பொது என்பது 1866இலிருந்து மாறவே இல்லை.

செந்தூல்_மாமா:
எனக்கு இடுப்புக்கு மேலே டிஸ்க் பிதுங்கி ஒரு மாதமாகப் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த முதுகுநாண் என்கிறீர்களே, அது நமக்கு எங்கே போச்சு?

பயோ_டீச்சர்:
உங்களுக்கு வலி கொடுப்பதே அதன் மிச்சம்தான் அண்ணே. கருவில் நமக்கும் அந்தத் தண்டு முழுசாக உருவாகும். அதைச் சுற்றி முள்ளெலும்புகள் வந்ததும் அது ஒடுங்கி, எலும்புக்கு எலும்பு நடுவில் இருக்கிற டிஸ்கின் உள்ளே வழவழவென்ற நடுப்பகுதியாக நின்றுவிடும். டிஸ்க் பிதுங்கினால் வெளியே தள்ளி நரம்பை அழுத்துவது அதுதான்.

பாயான்பாரு_அக்கா:
நடுவில் நான் ஒன்று சொல்லலாமா. ஈக்கான் பாக்கார் (சுட்ட மீன்) கடையில் திருக்கை வாங்கினால் முள்ளே இருக்காது, எல்லாம் நறுக் நறுக் என்று கடிக்கிற குருத்தெலும்பு. அப்படியென்றால் திருக்கையும் சுறாவும்தான் பழசு, எலும்பு மீன் அப்புறம் வந்தது. வரிசை சரியாகத்தானே இருக்கிறது?

ஜெலுத்தோங்காரன்:
அப்படித்தான் நானும் படித்தேன் அக்கா, ஆனால் பாறைகள் வேறு மாதிரி சொல்கின்றன. எலும்பு முதலில் வந்த இடமே முதுகு இல்லை, தோல். 45 கோடி ஆண்டு வாக்கில் தாடையில்லா மீன்களுக்குத் தலையில் எலும்புக் கவசம் இருந்தது, உள்ளே முதுகு இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. அப்புறம் மங்கோலியாவில் மின்ஜினியா என்ற 41 கோடி ஆண்டுக் கவச மீன், 2020இல் வெளியானது. அதன் மண்டைக்குள் நம்முடையதைப் போன்ற உள்ளெலும்பு. சுறா, திருக்கை கிளை பிரிவதற்கு முந்தைய மீன் அது. ஆகவே உங்கள் தட்டில் இருக்கிற திருக்கையின் முன்னோருக்கு எலும்பு இருந்து, பிறகு போயிருக்கலாம். எல்லோரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

கெப்போங்_சந்தேகி:
போயிருக்கலாம், வந்திருக்கலாம். சரி, தலையில்லாத பிராணிக்குத் தலை எப்படி முளைத்தது? அதற்கும் ஒரு ‘லாம்’ வைத்திருப்பீர்களே.

பயோ_டீச்சர்:
அதற்குக் கொஞ்சம் உறுதியான பதிலே உண்டு. உடம்பில் முன்பின் வரிசையை நிர்ணயிக்கிற ஹாக்ஸ் மரபணுக்கள் ஆம்பியாக்சஸுக்கு ஒரு தொகுதி. நமக்கு நான்கு. முழு மரபணுத் தொகுப்பே இரட்டித்திருக்க வேண்டும் என்று சுசுமு ஓனோ 1970லேயே வாதாடினார், 2008இல் ஆம்பியாக்சஸின் மரபணு முழுசாக வந்தபோது அது இரண்டு முறை இரட்டித்ததன் தடயம் தெளிவாகத் தெரிந்தது. அதோடு நரம்புக் குழாய் மூடும்போது அதன் விளிம்பிலிருந்து கிளம்பி ஊர்ந்து போகும் செல்கள் முதுகெலும்பிகளில் ஒரு பெரிய வேலை செய்கின்றன. முக எலும்பு, தாடை, பல்லின் உள்பகுதி எல்லாம் அவற்றிலிருந்து வருகின்றன. ஆம்பியாக்சஸில் அந்தச் செல்கள் இல்லை, முகமும் இல்லை.

கெப்போங்_சந்தேகி:
கரையேறிய கதையில் மாட்டுவீர்கள். டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனுக்கு வயது 37.5 கோடி ஆண்டு, அதுதான் மீனுக்கும் காலுக்கும் நடுவில் என்று கொண்டாடினீர்கள். 2010இல் போலந்தில் அதைவிட ஒரு கோடிக்கும் மேல் பழைய கால்தடம் கிடைத்துவிட்டது. பேரன் பிறந்த பிறகு தாத்தா வருவாரா?

ஜெலுத்தோங்காரன்:
நல்ல இடத்தில்தான் பிடித்தீர்கள். ஆனால் டிக்டாலிக்கை நேரடித் தாத்தா என்று கண்டுபிடித்தவர்களே சொல்லவில்லை, அந்த இடைநிலை உடம்பு எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சாட்சி. பாலிக் புலாவ் சேற்றில் துள்ளுகிற பெலாச்சாக் மீன் இன்றைக்கும் இருக்கிறது, அதற்காகக் கரையேறுதல் இன்றுதான் தொடங்கியது என்றா சொல்வோம்? போலந்துத் தடங்களைச் சிலர் கால்தடமே இல்லை, மீன் குடைந்த குழி என்கிறார்கள். தடம்தான் என்றால் தேடுகிற பாறை இன்னும் கீழே போக வேண்டும்.

கெப்போங்_சந்தேகி:
அந்தக் காலுக்குரிய எலும்பு கிடைத்ததும் வந்து சொல்லுங்கள், அதுவரை என் வாக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.

செந்தூல்_மாமா:
எனக்கு டிஸ்க் விஷயம் போதும். அடுத்த சொற்பொழிவில் கூர்மத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கப்போகிறேன்.