சிறுவர் நாவலில் அண்ணனின் மரணமும் நூலக மர்மமும் ஒட்ட மாட்டேன் என்கின்றன, என்ன செய்யலாம்?

மைத்துளி:

வணக்கம். 10 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவு முடிந்துவிட்டது, ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு கதைகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

கதை இதுதான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஒரு சின்ன ஊர். 11 வயதுப் பெண், அவளுக்கு 4 வயதில் ஒரு தம்பி. 16 வயது அண்ணன் ஒரு வருடத்துக்கு முன்னால் சாலை விபத்தில் இறந்துவிட்டான், அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு நாள் ஊர் நூலகத்தில் அவள் எடுத்த புத்தகத்தின் பின்னட்டை உறைக்குள் இருக்கும் சீட்டில் அண்ணன் பெயர் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் உள்ள தேதி அவன் இறந்து பல மாதம் கழித்து வருகிற தேதி. அவன் பெயரில் யார் புத்தகம் எடுக்கிறார்கள் என்பதுதான் மர்மம். கடைசியில் அது அப்பா என்று தெரிகிறது. மகன் படிக்க நினைத்துப் பட்டியல் போட்டு வைத்திருந்த புத்தகங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.

விசாரணை சூடு பிடித்த பிறகு நடுவில் ஏழெட்டு அத்தியாயங்களுக்குத் துக்கமே காணாமல் போய்விடுகிறது. தோழியோடு சேர்ந்து நூலகருக்குத் தெரியாமல் பதிவேட்டைப் புரட்டுகிறாள், ஆட்களைப் பின்தொடர்கிறாள், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். படித்துப் பார்த்த ஒருவர், "அண்ணன் செத்ததையே மறந்துட்டாளா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். இன்னொருவர் கேட்டதுதான் என்னை ரொம்ப உறுத்துகிறது. அண்ணன் உயிரோடு இருக்கிறானோ என்று ஆசையைக் கிளப்பிவிட்டுக் கடைசியில் இல்லை என்று சொல்வது, நிஜமாகவே வீட்டில் ஒருவரை இழந்த குழந்தை இதைப் படித்தால் அதற்குச் செய்கிற துரோகம் இல்லையா? மர்மத்தை எடுத்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். ஆனால் அது இல்லாவிட்டால் எந்தப் பிள்ளை இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்?

நீலக்குடை:

மர்மத்தை எடுக்காதீர்கள். வீட்டில் ஒருவரை இழந்த குழந்தைகளோடு பேசுவது என் வேலை, அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நடுவில் அவள் சிரிப்பதில் தப்பே இல்லை. தேம்பி அழுத பிள்ளை சற்று நேரத்தில் விளையாடப் போய்விடும், அதைப் பார்த்து "இதுக்கு ஒண்ணும் புரியலை" என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள், ஆனால் அந்தப் பிள்ளை தன்னால் தாங்க முடிகிற அளவுக்கு மட்டும் துக்கப்பட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறது, அவ்வளவுதான், மறுபடி வரும். பெரியவர்களுமே அப்படித்தான். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் இதை விளக்கி எழுதினார்கள். இழப்பின் பக்கமும், மாறிப்போன வாழ்க்கையைச் சமாளிக்கிற பக்கமும் மனம் மாறி மாறிப் போய் வருகிறது, அப்படிப் போய் வருவதால்தான் தாக்குப்பிடிக்கவும் முடிகிறது என்பது அவர்கள் வாதம். உங்கள் பெண்ணுக்கு அந்த நூலக விசாரணை இரண்டு பக்கமும் சேர்ந்த ஒன்று. அண்ணனையும் தேடுகிறாள், மூச்சு முட்டுகிற வீட்டிலிருந்து வெளியேயும் வருகிறாள்.

அதனால் துக்கம் பேசாத அத்தியாயங்கள் இருக்கட்டும். ஆனால் துக்கம் திரும்பி வர வேண்டும், பேச்சாக வராமல் உடம்பு வழியாக வர வேண்டும். வயிற்றுவலி, தூக்கம் வராத இரவு, பள்ளியில் காரணமே இல்லாத ஒரு சண்டை. என்னைக் கேட்டால், அம்மா வீட்டுக்கு வரப் பத்து நிமிடம் தாமதமானால் அவளுக்கு வருகிற பயம் ஒன்றே போதும். இன்னொன்று, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்களை வைத்து அத்தியாயம் பிரிக்கிற ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். எலிசபெத் குப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளிடம் பேசியதை வைத்து. பிரிந்தவர்களை நினைத்துத் துக்கப்படுகிறவர்கள் வரிசையாக ஏறவேண்டிய படிகளாக அது பின்னால்தான் பரவிவிட்டது.

துரோகம் பற்றி. இறந்தவர் திரும்பி வரமாட்டார், உடம்பு முழுதாக நின்றுவிடும், எல்லாருக்கும் இது வரும் என்பதெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5 வயதிலிருந்து 7 வயதுக்குள் பிடிபட ஆரம்பித்துவிடும். 11 வயதுக்காரிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் ஆசைப்படுகிறாள். இரண்டையும் ஒரே பக்கத்தில் காட்டுங்கள். அதற்கு ஆளும் உங்களிடமே இருக்கிறான், அந்த 4 வயதுத் தம்பி. "அண்ணன் எப்போ வருவான்?" என்று அவன் தினமும் கேட்கட்டும், அந்தக் கேள்வி அவன் வயதுக்கு ரொம்ப இயல்பானது. "வரமாட்டான், செத்துட்டான்" என்று தம்பியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு அதே மூச்சில் இவள் நூலகத்துக்கு ஓடினால், படிக்கிற பிள்ளை ஏமாறாது. அந்த ஆசை எப்படிப்பட்டது என்று அதற்குப் புரியும்.

துப்புக்காரன்:

துக்கம் பற்றி நீலக்குடை சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. மர்மக் கதை நிறையப் படிக்கிறவனாக ஒரு ஓட்டையைக் காட்டுகிறேன். உங்கள் நூலகர் என்ன செய்துகொண்டிருந்தார்? இறந்தவனின் கணக்கை மூடாமல் வைத்திருந்தது அவர். அப்பா வந்து மகன் பெயரில் கேட்டபோது சீட்டில் அந்தப் பெயரை எழுதித் தேதி முத்திரை குத்திக் கொடுத்ததும் அவர். அவருக்குத் தெரியாமல் இது நடக்கவே முடியாது.

இது ஓட்டை, ஆனால் இதை வைத்தே மொத்தக் கதையையும் தைத்துவிடலாம். நூலகருக்குத் தெரியும் என்றால் இன்னும் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும், சின்ன ஊர் அல்லவா. வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் அப்பா எங்கோ தனியாக உட்கார்ந்து பதின்பருவப் பையன்கள் படிக்கிற சாகசக் கதையைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அவள் போய்க் கேட்கிற ஒவ்வொருவரும் பேச்சை மாற்றுகிறார்கள், அவளுக்கும் நமக்கும் ஊரே சேர்ந்து ஒரு குற்றத்தை மறைப்பதாகத் தோன்றுகிறது. உண்மை தெரிந்த பிறகு அதே காட்சிகளைத் திருப்பிப் படித்தால் எல்லாரும் ஒரு மனிதனின் துயரத்துக்குக் காவல் நின்றிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஊரில் அவளிடமும் அவள் அம்மாவிடமும் மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. அப்படி எழுதினால் நடுவில் உள்ள எந்தக் காட்சியிலும் துக்கம் இல்லாமல் போகாது.

தடயங்களை நேர்மையாகப் போடுங்கள். அப்பா புதிதாகப் படிக்கும் கண்ணாடி வாங்கியிருக்கிறார், அதை முதல் அத்தியாயத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிடலாம். அண்ணன் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த ஒரு கதாபாத்திரத்தின் பெயர் ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா வாயில் வந்துவிடுகிறது, அவள் கவனிக்கவில்லை, கூர்மையாகப் படிக்கிற பிள்ளை கவனிக்கும். அப்புறம் பேய். உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் பேய் என்றுதான் நினைப்பார்கள், அதனால் தோழியையே அதைச் சொல்ல வைத்துச் சீக்கிரம் அந்தக் கதவை மூடிவிடுங்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் போட்ட பத்து விதிகளில் அமானுஷ்யம் கூடாது என்பது ஒன்று. துப்பறிபவர் தான் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது இன்னொன்று, சிறுவர் கதைக்கு இது ரொம்ப முக்கியம், பிள்ளைகள் ஏமாற்றப்பட்டதை மன்னிக்கவே மாட்டார்கள்.

வரிக்குதிரை:

சிறுவர் புத்தகங்களுக்கு எடிட்டராக இருக்கிறேன். துப்புக்காரன் சொன்ன நூலகர் விஷயம் அருமை, ஆனால் அந்தக் கடைசி விதியை இந்தக் கதையில் கொஞ்சம் வளைக்க வேண்டும்.

என் கேள்வி, அந்தப் பெண் ஏன் இவ்வளவு வெறியோடு தேடுகிறாள்? அண்ணன் மேல் பாசம் என்றால் போதாது, பாசம் எல்லாக் கதையிலும் இருக்கிறது. அவள் மனதில் நம்மிடம் சொல்லாத ஒன்று இருக்க வேண்டும். விபத்து நடந்த அன்று காலை ஏதோ அற்ப விஷயத்துக்கு அவனோடு சண்டை போட்டாள், "நீ திரும்பியே வராதே" என்று சொன்னாள், அவன் வரவில்லை. தான் சொன்னதால்தான் அப்படி நடந்தது என்று நினைத்துக்கொண்டு அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிற பிள்ளைகள் நிஜத்திலும் நிறைய. அந்தச் சீட்டில் உள்ள பெயர் அவளுக்கு வெறும் புதிர் கிடையாது. அவன் எங்காவது இருந்தால் அவள் சொன்ன சொல் அவனைக் கொல்லவில்லை என்று ஆகிவிடும்.

துப்பறிபவளே இப்படி மறைத்தால் மோசடி இல்லையா என்று கேட்கலாம். ஷாரன் க்ரீச் 1994-இல் எழுதி 1995-இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கிய 'வாக் டூ மூன்ஸ்' நாவலைப் பாருங்கள். 13 வயதுப் பெண் தாத்தா பாட்டியோடு நீண்ட கார்ப் பயணம் போகிறாள், வழியெல்லாம் தோழியின் அம்மா காணாமல் போன மர்மத்தைக் கதையாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள், அந்தக் கதைக்குப் பின்னால் அவள் சொல்லாமல் வைத்திருப்பது தன் அம்மாவைப் பற்றிய உண்மையை. முடிவில் நமக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அவள் எதையோ சுற்றிக்கொண்டு போகிறாள் என்பது ஆரம்பத்திலிருந்தே கண்ணில் படுகிறது. உங்கள் பெண்ணும் அந்தக் காலையைச் சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் அண்ணன் செருப்பு மாட்டுகிற இடம் வரை வந்து நின்றுவிட்டு வேறு எதற்கோ தாவட்டும்.

துப்புக்காரன்:

நின்று தாவுவது வாசகர் கண்ணில் படும் என்றால் எனக்குச் சம்மதம், அதுவும் ஒரு தடயம்தான். ஆனால் முதல் தடவை புத்தகத்தின் முதல் கால் பகுதிக்குள் வந்துவிட வேண்டும்.

மைத்துளி:

எல்லாருக்கும் நன்றி. கேள்விக்கு வெளியே இருந்த அந்தக் காலைச் சண்டைதான் நாவலின் நடுவில் இருக்க வேண்டியது என்று இப்போது தெரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், அவள் இதைக் கடைசியில் யாரிடம் சொல்வாள்? நூலகரிடமா, அப்பாவிடமா? அப்பா என்றால் "உன் தப்பு இல்லைம்மா" என்று அவர் சொல்வதோடு முடித்துவிடலாமா?

நீலக்குடை:

அப்பாவிடம். ஆனால் அந்த வரியை உடனே சொல்லவிடாதீர்கள், பெரியவர்கள் அதை அவசரமாகச் சொன்னால் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் பிள்ளைக்குப் படும். முதலில் முழுவதையும் கேட்கட்டும், எத்தனை நாளாக இதை மனதில் வைத்திருந்தாய் என்று கேட்கட்டும். பிறகு அன்று சாலையில் உண்மையில் என்ன நடந்தது என்று, ஒரு வருடமாக அவளிடம் யாரும் சொல்லாததை, எளிமையாக, பயமுறுத்தாமல் சொல்லட்டும். விபத்துக்கு எது காரணம் என்று தெரிந்தால்தான் தன் சொல் காரணம் இல்லை என்று அவளால் நம்ப முடியும். அப்பாவுக்கும் அந்த இடத்தில் குரல் உடையட்டும், பரவாயில்லை, பிள்ளைகள் படிக்கலாம்.

அப்புறம் ஒரு வருடம் கழித்து என்று வைத்தீர்களே, அதை மாற்றாதீர்கள். அமெரிக்காவில் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளை வில்லியம் வோர்டன் குழுவினர் இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது சில பிள்ளைகளுக்குச் சிரமம் இரண்டாம் வருடத்தில்தான் வெளியே தெரிந்தது, 1996-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. ஊர் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிற நேரம் அது. ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ "இன்னுமா?" என்று கேட்கிற ஒரு காட்சி இருந்தால் நல்லது. நடு அத்தியாயங்களைத் திருத்தியதும் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.