மறு: நான்கு கதவு கூபே – வாட்டக்கூரை என்று வைக்கலாமா?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

நாலு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டே இருக்கிறேன், கடை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால்தான் எழுத முடிகிறது, அதனால் தாமதம். முதல் மடல் எழுதிய அக்காவுக்கு வாகனப் பாடநூலில் 'ஃபோர் டோர் கூபே' வரும் இடமெல்லாம் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். அதாவது நாலு கதவும் இருக்கும், எஞ்சினும் பெரும்பாலும் வலுவானதாக இருக்கும், கூரை மட்டும் சாதாரண செடான் போல நிமிர்ந்து நிற்காமல் பின்னால் போகப் போக இறங்கிவிடும், அந்த வகைக் கார். இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வெட்டுந்து, எழிலுந்து, தாழ்கூரைச் சிற்றுந்து. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சேலத்தில் இருபது வருடமாகக் கார் குஷன் வேலை செய்கிறேன், இந்த வகைக் கார்களின் பின்சீட்டைக் கழற்றி மாட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வெட்டுந்து. கோவை ஐயா சொன்ன சொல்வரலாறு சரிதான், கூபே என்பது வெட்டுதல் என்ற பொருள் தரும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. குதிரை வண்டிக் காலத்தில் எதிரெதிரே இரண்டு இருக்கை வைத்த பெரிய கோச்சு வண்டியில் முன்பக்க இருக்கையை எடுத்துவிட்டு, ஒரே இருக்கையோடு குறுக்கிய வண்டிக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். ஆனால் அந்த வரலாறு நம் வாசகருக்குத் தெரியாதே ஐயா. என் கடைப் பையனிடம் இந்தச் சொல்லைச் சொல்லி என்ன வண்டி என்று கேட்டேன், மண் வெட்டுகிற வண்டியா அண்ணா என்றான். மூலச்சொல்லின் வேரைத் தோண்டி அதை அப்படியே தமிழில் நடுவதைவிட, கண்ணுக்கு முன்னால் நிற்கிற பொருளைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் நிலைக்கும் என்பது என் எண்ணம்.

எழிலுந்து காதுக்கு இனிமையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாடநூலில் ஒரு வகைக்குப் புகழுரையே பெயராக இருக்கக் கூடாது. அப்படி வைத்தால் நேராக நிமிர்ந்த கூரையுள்ள கார் எழில் இல்லாததா? 1963இல் டுரினில் காட்டிய முதல் மஸராட்டி குவாட்ரோபோர்த்தே நிமிர்ந்த கூரைதான், அதைப் பார்த்து அழகில்லை என்று யாராவது சொல்வார்களா? அந்தப் பெயரையும் கவனியுங்கள். இத்தாலிய மொழியில் 'நாலு கதவு' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எட்டு சிலிண்டர் எஞ்சின் போட்டு மணிக்கு 230 கிலோமீட்டர் ஓடிய காருக்கு, வீட்டு வாசலைச் சொல்வது போல எளிமையாகப் பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தைரியம் பிடிக்கும். நாற்கதவு என்ற முன்னொட்டை நாமும் கூச்சமில்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

தாழ்கூரை பொருளுக்கு மிக அருகில் வருகிறது. 1962இல் ரோவர் நிறுவனம் தன் பி5 காரில் நாலு கதவையும் விட்டுவைத்து, கூரையை மட்டும் இரண்டரை அங்குலம் இறக்கி, அதையே கூபே என்று விற்றது. அதற்குத் தாழ்கூரை என்ற பெயர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். ஆனால் இந்த வகையை உலகம் முழுக்கப் பேசவைத்தது 2004இல் வந்த மெர்சிடிஸ் சிஎல்எஸ். அதில் கூரை தாழ்ந்திருப்பதைவிட முக்கியம் அது போகிற போக்கு. முன்கண்ணாடிக்கு மேலே ஏறி, ஓட்டுநர் தலையைத் தாண்டியதும் இறங்க ஆரம்பித்து, பின்சீட்டின் மேலாக டிக்கி வரை ஒரே வளைவாக ஓடும். 'தாழ்' என்றால் உயரம் குறைவு என்பது மட்டும்தான் தெரிகிறது, ஓட்டம் தெரியவில்லை.

சரி, இப்போது நான் சொல்ல வந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் செய்யும் ஒரு நண்பர் இந்த வகைக் கார் ஒன்றை வாங்கினார். என்ன கார் என்பது இங்கே வேண்டாம். வாங்கி மூன்றே மாதத்தில் என் கடைக்கு வந்து, பின்சீட் ஃபோமை ஒரு இஞ்ச் குறைத்துக் கொடு என்றார். ஏன் என்றால், அவருடைய அப்பா நல்ல உயரம், பின்னால் உட்கார்ந்தால் உச்சந்தலை மேலே கூரைத் துணியில் படுகிறது. நான் உறையைப் பிரித்து, ஃபோமை அடிப்பக்கமாகச் சீவி, மறுபடி தைத்துப் போட்டேன். தலைக்கு ஒரு இஞ்ச் கிடைத்தது. ஆனால் சீட் இறங்கியதும் முட்டி மேலே வந்துவிட்டது, தொடைக்கு அடியில் ஆதாரம் இல்லை, அரைமணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு கேட்கும். தலைக்குக் கொடுத்ததைத் தொடையிலிருந்து எடுத்தேன், அவ்வளவுதான். ஃபோமை எப்படி வெட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

போர்ஷ் நிறுவனம் டைகானில் இதற்குக் கண்டுபிடித்த வழியை இந்த வேலைக்குப் பிறகுதான் முழுதாக மதித்தேன். மின்சாரக் கார் என்பதால் தரை முழுக்க பேட்டரி, தரை மேலே ஏறும், கூரையை ஏற்ற மனமில்லை. அதனால் பின்சீட்டுக்காரர் பாதம் வைக்கும் இடத்தில் மட்டும் பேட்டரியை விட்டுவிட்டு ஒரு பள்ளம் அமைத்தார்கள். கால் இறங்கினால் முட்டி இறங்கும், சீட்டையும் தாழ்வாக வைக்கலாம், தலை தப்பிக்கும். அவர்கள் அதைக் கால் வைக்கும் கொட்டகை என்கிற மாதிரி ஒரு பெயரில் அழைக்கிறார்கள். எங்கள் ஊரில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டிய அவசியமே இல்லை. என் தாத்தா அம்மாப்பேட்டையில் குழித்தறியில் நெய்தவர், தரையோடு தரையாக உட்கார்ந்து கால் இரண்டையும் குழிக்குள் இறக்கித்தான் மிதிகட்டையை மிதிப்பார். கால்குழி என்று வையுங்கள் அக்கா, நெசவுத் தெருவில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் படம் போடாமலே புரியும்.

காருக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க ஏற்காடு போய்வரலாம் என்று நண்பர், அவர் அப்பா, நான் மூவரும் கிளம்பினோம். அடிவாரத்தைத் தாண்டி ஏற ஆரம்பித்தால் 20 கொண்டை ஊசி வளைவு. (இந்தச் சொல்லைப் பாருங்கள். இதுவும் மொழிபெயர்ப்பில் வந்ததுதான், ஆனாலும் பலகையில் இருக்கிறது, லாரி டிரைவர் வாயில் இருக்கிறது, பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் கத்திக் கத்தி எண்ணுகிறார்கள். கொண்டையும் ஊசியும் நம் வீட்டில் இருந்ததால்தான் அது ஒட்டிக்கொண்டது.) தாழ்வான கார் என்பதால் வளைவில் உடம்பு சாயவே இல்லை. எனக்கு இது ஒரு பாடம். இந்த வடிவம் வெறும் மினுக்கு என்று நினைத்திருந்தேன், எடை கீழே இருக்கும்போது மலைப்பாதையில் அது எப்படி ஓடுகிறது என்று அன்றுதான் உடம்பால் தெரிந்துகொண்டேன். பின்னால் ஐயா மட்டும் கழுத்தை இடப்பக்கம் சாய்த்தபடியே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் தலை துணியில் உரசுகிற சத்தம் கேட்டது. ஏழாவது வளைவில் நிறுத்தச் சொல்லி அவரை முன்னால் உட்காரவைத்து நான் பின்னால் போனேன்.

ஏரிப்பக்கம் நிறுத்தினோம். சும்மா போகிறவர்களும் நின்று பார்த்தார்கள், இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். ஐயா இறங்கி காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். அவர் அந்தக் காலத்தில் தன் வீட்டைக் கொத்தனாரோடு நின்று தானே கட்டியவர். கூரையின் உச்சியில் உள்ளங்கையை வைத்து, கண்ணாடி வழியாக டிக்கி வரை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து, "ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் மாதிரி வாட்டமா இறக்கியிருக்கான்யா" என்றார். ஏழு வளைவு தலையிடி பட்ட மனுஷர் சொன்ன வார்த்தை அது, குரலில் ஒரு குறையும் இல்லை, வேலையை மெச்சித்தான் சொன்னார்.

எனக்கு அந்த இடத்திலேயே சொல் கிடைத்துவிட்டது. வாட்டக்கூரை.

வாட்டம் என்றால் என்ன என்று வீடு கட்டிய யாரையும் கேளுங்கள். மொட்டைமாடித் தளம் போட்டதும் கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், அப்புறம் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுவார், அது எங்கும் தேங்காமல் குழாய்வாய்க்குப் போய்ச் சேர்ந்தால் வாட்டம் சரி. சரிவு, சாய்வு, இறக்கம் எல்லாம் வெறும் வடிவத்தைச் சொல்கிற சொற்கள். வாட்டம் என்பது ஒன்று தடங்கலில்லாமல் வழிந்து ஓடுவதற்காக வேண்டுமென்றே கொடுக்கிற சரிவு. காரில் அந்த ஒன்று காற்று. கூரை பட்டென்று முடிந்துவிட்டால் பின்னால் காற்று பிய்ந்துபோய்ச் சுழல் உண்டாகி வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். மெல்ல இறக்கினால் காற்று மேற்பரப்பை ஒட்டியே வந்து இறங்கும். எவ்வளவு இறக்குவது என்பதற்கும் கணக்கு உண்டு. 1984இல் அகமது என்ற ஆய்வாளர் எளிமைப்படுத்திய கார் மாதிரி ஒன்றின் பின்சரிவை மாற்றி மாற்றி அளந்து வெளியிட்டார். சுமார் 12.5 பாகையில் இழுவை மிகக் குறைவாகவும் 30 பாகையை ஒட்டி மிக அதிகமாகவும் இருந்தது. வாட்டம் தப்பினால் மாடியில் தண்ணீர் தேங்குவதும் காருக்குப் பின்னால் காற்று சுழல்வதும் எனக்கு ஒரே குடும்பத்துக் குறையாகத்தான் படுகிறது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. கைக்கு வாட்டமா இருக்கு, உட்கார வாட்டமா இல்லை என்று நாம் தினமும் சொல்கிறோமே, அங்கே வாட்டம் என்றால் வசதி. ஒரு கார் வாட்டமான கூரையோடு இருக்கிறது, ஆனால் பின்சீட்டு வாட்டமாக இல்லை. இந்த வகைக் கார்களைப் பற்றிய வாதம் முழுவதும், அழகா பயனா என்று இந்த இழையில் ஐம்பது மடல் ஓடியதே அது முழுவதும், அந்த ஒரே சொல்லுக்குள் கிடக்கிறது. போர்ஷ் பனமேரா 2009இல் வந்தபோது பின்சீட்டுக்காரர் தலைக்காகக் கூரையை உயர்த்தியே வைத்திருந்தார்கள், முதுகு உப்பியிருக்கிறது என்று பலரும் குறை சொன்னார்கள். 2016இல் வந்த அடுத்த தலைமுறையில் பின்பக்கக் கூரையை 20 மில்லிமீட்டர் இறக்கினார்கள். இருபதே மில்லிமீட்டர், என் சுண்டுவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. அதற்குள்தான் முழுச் சண்டையும். எனக்கு 2016இல் வந்ததுதான் அழகு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முகவாட்டம், பயிர் வாட்டம் என்று சோர்வைக் குறிக்கும் பொருள் குழப்பாதா என்று நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டார். குழப்பாது என்றே நினைக்கிறேன். கூரையோடு சேர்ந்து வரும்போது யாரும் வாடிய கூரை என்று படிக்கமாட்டார்கள். தளவாட்டம், தண்ணி வாட்டம் என்பதை இன்றுவரை ஒருவரும் அப்படிப் படித்ததில்லை.

பின்சீட்டுக்காரர் கொடுக்கும் விலை சொல்லில் தெரிய வேண்டுமா என்று மதுரை அக்கா கேட்டிருந்தார்கள். அதைச் சொல்லில் ஏற்ற வேண்டாம், வரையறையில் எழுதிவிடலாம். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் அளவீட்டு முறையே கூபேயைப் பின்பகுதிக் கன அளவால்தான் பிரிக்கிறது: உள்ளே பின்பகுதி 33 கன அடிக்குக் கீழே இருந்தால் கூபே, அதற்கு மேல் என்றால் செடான். கதவு எண்ணிக்கை பிறகுதான். ஆக, இடம் குறைவு என்பதே அந்த வகையின் இலக்கணத்தில் இருக்கிறது, பாடநூலில் மறைக்க ஒன்றுமில்லை.

சொற்பட்டியலுக்கு நான் முன்வைப்பது இவ்வளவுதான். கூபேவுக்கு வாட்டக்கூரைக் கார். நான்கு கதவு இருந்தால் நாற்கதவு வாட்டக்கூரை, இரண்டு என்றால் இருகதவு வாட்டக்கூரை. தலைக்கு மேல் உள்ள இடைவெளிக்குத் தலையிடம், டைகான் பள்ளத்துக்குக் கால்குழி. கார் என்பதை மகிழுந்து, சிற்றுந்து என்று மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றிக்கொள்ளட்டும், எனக்குக் கார் போதும். பெர்ஃபார்மன்ஸ் என்பதற்குச் 'செயல்திறன்' என்று எல்லா இடத்திலும் போடுவதை மட்டும் தயவுசெய்து யோசியுங்கள், அலுவலக அறிக்கை வாடை வருகிறது. 'ஓட்டத்திறன்' என்றால் வண்டி ஓடுவதாவது தெரியும்.

ஒரு கேள்வி. சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் கொத்தனார்கள் வாட்டம் என்றுதான் சொல்கிறார்கள். நாகர்கோவில் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் கட்டட வேலையில் இதற்கு வேறு சொல் வழங்குகிறதா? தெரிந்தவர்கள் வேலை செய்யும் யாரையாவது நேரில் கேட்டுவிட்டு எழுதுங்கள், அகராதியைப் பார்த்து வேண்டாம். அக்கா பட்டியலை மூடுவதற்குள் வந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அஸ்தம்பட்டி, சேலத்திலிருந்து