மறு: ‘பெர்பர் வெறுப்பு’ சரிதானா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> கொன்விவென்சியாவுக்கு (இடைக்கால ஸ்பெயினில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யூதர்களும் சேர்ந்து வாழ்ந்த நிலை) ‘கூடிவாழ்வு’ வைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றிய வரலாற்று நூல்களில் வட ஆப்பிரிக்கப் பெர்பர் மக்களைப் பற்றி வரும் காழ்ப்புக்குப் ‘பெர்பர் வெறுப்பு’ போதாதா?

‘கூடிவாழ்வு’ எனக்குச் சம்மதம், ஐயா. ‘சகவாழ்வு’ என்றால் பனிப்போர்க் கால வாடை அடிக்கிறது.

‘வெறுப்பு’தான் இடிக்கிறது. பல நூல்களில் வெறுப்பு வெளிப்படையாக இருப்பதில்லை. கதை சொல்லும் விதத்தில் இருக்கிறது. முஸ்லிம் ஆட்சியில் இருந்த கோர்தோபா நகரின் நூலகமும் கவிதையும் என்றால் அரபுப் பண்பாடு. கூடிவாழ்வு உடைந்தது என்றால் ‘பாலைவனத்திலிருந்து வந்த பெர்பர் வெறியர்கள்’.

தென் ஸ்பெயினின் கிரானாடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். யூதரான சாமுவேல் ஹ-நகீதைத் தலைமை அமைச்சராக வைத்திருந்த சிரித் வம்ச மன்னர்கள் சன்ஹாஜா என்ற பெர்பர் குலத்தவர். அவர் புகழ் ‘அந்தலூசிய’ (முஸ்லிம் ஸ்பெயினின்) ‘பொற்கால’க் கணக்கில் ஏறிவிடுகிறது. 1066இல் அவர் மகன் யோசேப்பும் ஏராளமான யூதர்களும் கொல்லப்பட்டதோ பெர்பர் கணக்கில். சன்ஹாஜாக்களைப் பார்த்து, யூதர்களுக்கு எதிராகக் கிளம்புங்கள் என்று கவிதை எழுதிய அபூ இஸ்ஹாக் அரபுக் குலத்தவர் என்பது பேச்சிலேயே வருவதில்லை.

பின்னாளில் ஆண்ட பெர்பர் வம்சமான அல்மொஹதுகள் செய்ததை மறைக்கச் சொல்லவில்லை. யூத அறிஞர் மைமோனிதிஸின் குடும்பம் ஊரைவிட்டுப் போனது அவர்களால்தான். முஸ்லிம் தத்துவஞானி இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதியதும் அவர்கள் ஆதரவில்தான். ஓர் ஆட்சியின் கொள்கையை இனத்தின் குணமாக்குவதுதான் பிழை. 1391இல் காஸ்தீல் அரசின் செவில்லே நகரில் யூதர்களைக் கிறித்தவர்கள் கொன்றதற்குக் ‘காஸ்தீலிய ரத்தம்’ காரணம் என்று நான் எங்கும் படித்ததில்லை.

ஆகவே ‘பெர்பர் பழியேற்றம்’ என்கிறேன்.

அன்புடன்

----

> ஆகவே ‘பெர்பர் பழியேற்றம்’ என்கிறேன்.

கருத்து சரி தம்பி, சொல் வழுக்குகிறது. ‘விலையேற்றம்’ மாதிரி, பழி கூடிவிட்டது என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். குற்றச்சாட்டு இருக்கிறதே, அந்த வழியில் ‘பழிச்சாட்டு’ என்றால் என்ன? இன்னொன்று: ‘பெர்பர்’ என்பதே புரியாமல் பேசுபவன் என்ற பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ‘அமாசிக்’. ‘அமாசிக்’கை விட்டுவிடலாமா?

----

‘பழிச்சாட்டு’ அருமை, ஐயா. என்னுடையதை விட்டுவிடுகிறேன். கட்டுரைக்குள் மக்களைக் குறிக்க ‘அமாசிக்’ என்றே எழுதுவோம். கலைச்சொல்லில் மட்டும் ‘பெர்பர்’ இருக்கட்டும். பழி ஒட்டியிருப்பது அந்தப் பெயரில்தான். பட்டியலுக்கு இப்படி அனுப்புகிறேன்:

பெர்பர் பழிச்சாட்டு – இடைக்கால ஸ்பெயினின் கூடிவாழ்வு குலைந்ததற்கு அமாசிக் மக்களின் இனக்குணத்தைக் காரணமாக்கி, அக்கூடிவாழ்வை வளர்த்ததில் அவர்களுக்கிருந்த பங்கை விட்டுவிடும் எழுத்துமுறை.