250 கிராம் மைதாவுக்கு எத்தனை கப்?

நெல்லிக்கனி:
மகள் பிறந்தநாளுக்கு கேக் செய்தேன். மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றும் 250 கிராம் என்று குறிப்பில் இருந்தது. என் அளவுக் கப்பின் அடியில் 250 மி.லி. என்று பொறித்திருக்கிறது. மூன்றிலும் ஒவ்வொரு கப் போட்டேன். நடுவில் குழி விழுந்து, ஓரமெல்லாம் வெண்ணெய் கசிந்துவிட்டது. கிராமைக் கப்பாக மாற்றப் பொதுவான கணக்கு ஏதும் உண்டா?

தராசுத்தட்டு:
கிடையாது. 250 மி.லி. என்பது 250 கிராம் ஆவது தண்ணீருக்குத்தான். அதே கப்பில் வெண்ணெய் சுமார் 240 கிராம், சர்க்கரை 210, மைதா 130 கிராம்தான் பிடிக்கும். வெண்ணெய் ஏறக்குறைய முழுதாக விழுந்திருக்கிறது, மாவு பாதிதான். கசியாமல் என்ன செய்யும்? ஒரு தராசு வாங்குங்கள், கப்பை மறந்துவிடுங்கள்.

உழக்கரிசி:
இதை நான் ஏற்கவில்லை. இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று. முறுக்குக்கு அரிசி மாவு நாலு, உளுத்த மாவு ஒன்று. ஆழாக்கில் அளந்தாலும் டம்ளரில் அளந்தாலும் விகிதம் மாறாது. எங்கள் பாட்டி தராசையே தொட்டதில்லை; அவர் சுட்ட முறுக்கு ஒருநாளும் எண்ணெயில் பிரிந்ததில்லை. எடையில் எழுதிய குறிப்பைக் கப்புக்கு இழுத்ததுதான் பிழை. கப் என்ன செய்யும்?

தராசுத்தட்டு:
இட்லிக்கு நீங்கள் சொல்வது சரி. அரிசியும் உளுந்தும் கப்புக்கு ஏறக்குறைய ஒரே எடைதான், 200 கிராமை ஒட்டி வரும். மாவு அப்படியில்லை. நேற்றிரவு 240 மி.லி. கப்பை மைதா டப்பாவுக்குள் விட்டு அள்ளித் தலைதட்டினேன்: 149 கிராம். கரண்டியால் அள்ளிப் போட்டுக் கத்தி முதுகால் வழித்தேன்: 124. சலித்துப் போட்டேன்: 113. அதே மாவு, அதே கப், அதே கை. இதில் எது ஒரு கப்?

கல்லுப்பு:
மாவு மட்டுமா? கல்லுப்பு ஒரு கப் என்று எழுதிய மாங்காய் ஊறுகாய்க்கு ஒருமுறை தூள் உப்பை ஒரு கப் போட்டுவிட்டேன். தூள் இடைவெளியில்லாமல் அடைந்து உட்காரும், எடை கூடிவிடும். வாயில் வைக்க முடியவில்லை; ஜாடியோடு கொட்டினேன். இன்னொன்று: ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மி.லி. அதை 240 என்று நினைத்து மாவு அளக்காதீர்கள்.

உழக்கரிசி:
அப்படியானால் அளக்கும் விதத்தையும் சேர்த்து எழுதவேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஃபேன்னி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூலில் தலைதட்டித்தான் அளக்கச் சொன்னார். நம் வீடுகளிலும் ‘தலைதட்டி’ வேறு, ‘கோபுரமாக’ வேறு. தராசு மட்டும் எல்லாவற்றுக்கும் உதவுமா? அரை டீஸ்பூன் சமையல் சோடா இரண்டு மூன்று கிராம்தான். ஒவ்வொரு கிராமாகத் தாவும் வீட்டுத் தராசில் அதை நிறுத்தால் ஒரு கிராம் பிசகினாலே சோடா வாடை அடிக்கும். அங்கே ஸ்பூன்தான் நம்பகம்.

தராசுத்தட்டு:
சோடாவுக்கும் ஈஸ்ட்டுக்கும் ஸ்பூன், ஒப்புக்கொள்கிறேன். மைதாவுக்கு மாட்டேன்.

நெல்லிக்கனி:
பக்கத்து வீட்டுத் தராசை வாங்கி இன்று மறுபடி செய்தேன். 250 கிராம் மைதாவைக் கப்பிலும் அளந்து பார்த்தேன்: இரண்டு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் குறைவு. கேக் நடுவிலும் எழும்பி வந்தது. குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் ‘இரண்டு கப், ஒரு டேபிள்ஸ்பூன் குறைத்து’ என்று எழுதிவைத்துவிட்டேன்.

உழக்கரிசி:
நல்லது அம்மா. கரண்டியால் போட்டு வழித்தீர்களா, டப்பாவிலிருந்து அள்ளினீர்களா? அதையும் அந்தப் பென்சிலாலேயே எழுதிவிடுங்கள்.