சமஷ்டி நாட்டின் மத்திய அரசு ஒரு நோயாளியின் கட்டிலருகே வந்தது ஏன்?

உயர்தர ஆசிரியை, உவர்மலை

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கடந்த வாரம் சமஷ்டியையும் (மத்தியும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிரும் முறை) வலுவேறாக்கத்தையும் (சட்டவாக்கம், நிர்வாகம், நீதி ஆகிய அதிகாரங்களைப் பிரித்துவைத்தல்) விளக்கும்போது ஐக்கிய அமெரிக்காவின் டெரி ஷியாவோ வழக்கை எடுத்துக்கொண்டேன். 1990இல் இதயம் நின்று மூளை சிதைந்து, குழாய் வழி உணவில் உயிர் தரித்திருந்த அந்தப் பெண்ணின் குழாயை அகற்றலாம் என்று, கணவரின் மனுவை விசாரித்த புளோரிடா நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. பெற்றோர் அதை எதிர்த்தனர். 2003 ஒக்டோபரில் மாநில சட்டசபை அவர் ஒருவரை மனதில் வைத்தே ஒரு சட்டத்தை இயற்றி, குழாயை மீண்டும் பொருத்தும் அதிகாரத்தை ஆளுநர் ஜெப் புஷ்ஷிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு மாநிலத்தின் உயர் நீதிமன்றம், அச்சட்டம் வலுவேறாக்கத்தை மீறுகிறது என்று கூறி ஏகமனதாக அதைச் செல்லுபடியற்றதாக்கியது. 2005 மார்ச்சில், செனட், பிரதிநிதிகள் சபை என இரு அவைகளுள்ள மத்திய சட்டமன்றமான காங்கிரஸே தலையிட்டது.

"ரீச்சர், மாநில உரிமையைப் பேசும் குடியரசுக் கட்சியே இப்படிச் செய்தால் சமஷ்டி எதற்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை மேலோட்டமாகக் கடந்துபோக முடியாது. மத நம்பிக்கைதான் காரணம் என்று சொல்லி வகுப்பை முடித்தேன். அது போதாது என்று மனம் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற சட்டத்தரணி, உப்புவெளி

ஆசிரியை அவர்களுக்கு, நம்பிக்கை இருந்தது உண்மை, கணக்கும் இருந்தது. குடியரசுக் கட்சிச் செனட்டர்களிடையே ஒரு குறிப்புத்தாள் சுற்றியது. இது அரசியல் ரீதியாக வாய்ப்பான விடயம், கருக்கலைப்பை எதிர்க்கும் நம் ஆதரவாளர்கள் உற்சாகமடைவார்கள், எதிர்த்தரப்பு சங்கடப்படும் என்பதே அதன் சாரம். அது தம் அலுவலகத்தில் எழுதப்பட்டது என்று புளோரிடாவின் செனட்டர் மெல் மார்ட்டினஸ் ஏப்ரலில் ஒப்புக்கொண்டார்.

மார்ச் 20, குருத்து ஞாயிறு. செனட்டில் மூன்றே மூன்று பேர் இருக்க, டெரியின் வழக்கைச் சமஷ்டி நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோகப் பெற்றோருக்கு வழிவிடும் சட்டமூலம் குரல் வாக்கில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் நள்ளிரவு கடந்து 203க்கு 58 என்று நிறைவேற, அதற்காகவே டெக்சாஸிலிருந்து திரும்பியிருந்த ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் அதிகாலை 1.11க்குக் கையொப்பமிட்டார். ஆயினும் சமஷ்டி நீதிமன்றங்கள் படிப்படியாக எல்லா மட்டத்திலும் குழாயை மீண்டும் பொருத்த உத்தரவிட மறுத்துவிட்டன. மார்ச் 31இல் டெரி இறந்தார். உங்கள் மாணவிக்குரிய பதில் அங்கேதான் இருக்கிறது: கட்சி தன் கொள்கையைக் கைவிட்ட இடத்திலும் நீதித்துறை கைவிடவில்லை.

கணக்கும் பிழைத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சி.பி.எஸ்.ஸின் கருத்துக்கணிப்பில் 82 வீதமானோர் காங்கிரசும் ஜனாதிபதியும் தலையிட்டிருக்கக் கூடாது என்றனர்.

தாதிய உத்தியோகத்தர், நிலாவெளி

ஐயா சொன்ன அந்த 82 வீதம் எனக்கு வியப்பளிக்கவில்லை. பக்கவாதத்தால் விழுந்த என் மாமியை ஒன்பது மாதங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்தோம். கஞ்சியை இரண்டு தரம் வடித்து, தலையணையை உயர்த்தி, மூக்குக் குழாயில் மெல்ல மெல்ல விட்டு, அடைத்துக்கொள்ளாதிருக்கத் தண்ணீரும் விடவேண்டும். நள்ளிரவிலும் அதே வேலைதான். கனடாவிலிருந்த மச்சான் தொலைபேசித் திரையில் பார்த்து, "அம்மா என்னைப் பார்க்கிறா" என்று அழுவார். கண் திறந்திருந்தது, ஆனால் என் விரல் நகர்ந்த பக்கம் அது நகரவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைய செனட் பெரும்பான்மைத் தலைவரான பில் ஃபிரிஸ்ட், ஓர் இதய அறுவை மருத்துவர். அவரும் டெரியின் காணொளியைப் பார்த்துவிட்டு, டெரிக்கு உணர்வில்லை என்ற வைத்தியர்களின் முடிவைச் சபையிலேயே சந்தேகித்தார். பிரேதப் பரிசோதனையில் டெரியின் மூளையின் எடை 615 கிராம், வழமையானதில் ஏறத்தாழ பாதி; பார்வையும் இருந்திருக்க முடியாது என்றும் கண்டறிந்தார்கள். மகன் அப்படி நம்பினால் அது பாசம். சட்டம் இயற்றும் கையில் அது இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நோயாளி எந்தக் கட்சியினதும் அடையாள அட்டை அல்ல.

ஓய்வுபெற்ற சட்டத்தரணி, உப்புவெளி

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஒன்று சேர்க்கிறேன்: எதிர்த்தரப்பும் இதில் சுத்தமில்லை. பிரதிநிதிகள் சபையில் சனநாயகக் கட்சியினரில் 47 பேர் ஆதரித்தும் 53 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, ஏறத்தாழ 100 பேர் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவே இல்லை. விடுமுறை வாரம் என்பது காரணமாகலாம். ஆனால் பழி வராமல் மௌனமாக இருப்பதும் ஒரு கட்சி உத்திதான்.

பிரித்தானியாவை ஒப்பிடுங்கள். மரணத் தறுவாயில் இருப்போர் உதவியுடன் உயிர்விடுவது பற்றிய சட்டமூலத்துக்குக் கட்சிகள் கொறடா கட்டளை (கட்சி சொன்னபடியே வாக்களிக்க வேண்டும் என்ற உத்தரவு) விதிக்கவில்லை. அரசாங்கமும் நடுநிலை வகித்தது. பொதுச் சபையில் ஆதரவு வென்றது: 2024 நவம்பர் 29இல் 330க்கு 275, 2025 ஜூன் 20இல் 314க்கு 291. பெரும்பான்மை சுருங்கியதற்குக் காரணம், உறுப்பினர்கள் சிலர் இடையில் தம் மனதை மாற்றிக்கொண்டதே.

உயர்தர ஆசிரியை, உவர்மலை

இருவருக்கும் நன்றி. திங்கட்கிழமை 203–58 வாக்கைக் கட்சிவாரியாகக் கரும்பலகையில் எழுதி, வராதவர்களுக்கும் ஒரு நிரல் போடப்போகிறேன். தாதி அவர்களே, உங்கள் மாமியைப் பற்றியும், பெயர் ஊர் சொல்லாமல், வகுப்பில் பேச அனுமதிப்பீர்களா?