ராக்கி மலைப் பூங்காவில் குதிரைச் சவாரி: அம்மாவை ஏற்றலாமா?

வனிதா:
ஜூலையில் கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு 63 வயது. குதிரையேறியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எங்களில் யாருக்கும் சவாரி தெரியாது. இரண்டு மணி நேரமா, நான்கு மணி நேரமா? புடவையோடு ஏறலாமா?

சேணக்காரன்:
தாராளமாக ஏற்றுங்கள், சகோதரி. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குதிரை தாங்கும், முழங்கால் தாங்காது. புடவை கூடவே கூடாது. அங்கவடியின் (சவாரியில் கால் வைக்கும் வளையம்) தோல்வார் கெண்டைக்காலை உரசிக்கொண்டே இருக்கும். முழுக்கால்சட்டையும் குதிகால் வைத்த மூடிய காலணியும் வேண்டும். அங்கவடியில் முன்பாதம் மட்டும் இருக்கட்டும். முழுப் பாதமும் நுழைந்துவிட்டால் விழும்போது சிக்கிக்கொள்ளும்.

பூங்காவுக்குள்ளேயே ஸ்ப்ரேக் ஏரிப் பக்கமும் மொரெய்ன் பார்க் என்ற பள்ளத்தாக்கிலும் லாயங்கள் உண்டு. காலைச் சவாரியையே கேளுங்கள். கோடையில் அங்கே பிற்பகலானால் இடியும் மின்னலும்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். சேணம் பூட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைக்கும் கள்ளத்தனம் பல குதிரைகளுக்கு உண்டு. சற்று நடந்ததும் வயிறு இறங்கி, சேணத்தைக் கட்டியிருக்கும் வார் தளர்ந்துவிடும். நல்ல வழிகாட்டி அப்போது நிறுத்தி, மறுபடி இறுக்குவார். இல்லையென்றால் நீங்களே கேளுங்கள், கூச்சம் வேண்டாம். ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள். இறக்கத்தில் லேசாகப் பின்னால். புல்லைக் கண்டு குதிரை தலையைக் குனிந்தால் உடனே கடிவாளத்தை இழுங்கள். ஒருமுறை இடம் கொடுத்தால் அப்புறம் சவாரி இல்லை, மேய்ச்சல்தான்!

மலைவாசி:
பூங்காவை ஒட்டிய எஸ்டெஸ் பார்க் ஊரே 7,500 அடிக்கு மேலே இருக்கிறது. வந்திறங்கிய மறுநாளே அம்மாவை ஏற்றாதீர்கள்; ஓரிரு நாள் உடம்பு பழகட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். கோடையில் பூங்காவுக்குள் நுழையவே நேரம் குறித்த முன்பதிவு தேவைப்படும். லாயத்தில் பதிவு செய்யும்போதே அதையும் விசாரித்துவிடுங்கள்.

வனிதா:
நன்றி. அம்மா சுடிதாருக்குச் சம்மதித்துவிட்டார். குதிரை திடீரென ஓடாதே?

சேணக்காரன்:
முன்குதிரையின் வாலைப் பார்த்தபடி வரிசையாக நடப்பதுதான் அங்கே சவாரி. வீரசாகசம் எதிர்பார்த்தால் ஏமாற்றம். எதிரே வரும் நடைபயணிகளும் ஒதுங்கி வழிவிடுவார்கள். பதிவின்போது எடை கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள். அதைப் பார்த்துத்தான் குதிரையைத் தருகிறார்கள். துப்பட்டாவை மட்டும் அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.