நிப்கோ தட்டு டிவி: நேராக நிற்கும் படம் நழுவுகிறது, நழுவாத படம் சாய்கிறது. உதவி தேவை

சுழல்தட்டு:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஒரு மெக்கானிக்கல் டிவி கட்டிக்கொண்டிருக்கிறேன். சுழலும் நிப்கோ தட்டின் ஒவ்வொரு துளையும் படத்தின் ஒரு கோட்டை வரையும் பழைய முறை. 30 செ.மீ. அலுமினியத் தட்டு, சுருளாக 32 துளை, ஒவ்வொன்றும் 0.6 மி.மீ. பின்னால் வெள்ளை எல்இடி, அதற்கு முன் பால் நிற அக்ரிலிக். பழைய பிரிண்டரில் கழற்றிய டிசி மோட்டார். வேகம் பார்க்க ஐஆர் சென்சார். படம் தபால்தலை அளவுதான்.

நான் ஓடவிடுவது 1933 ஏப்ரலில் பிபிசி ஒளிபரப்பிய நடன நிகழ்ச்சி. அப்போதே யாரோ ஒரு ஆர்வலர் வீட்டில் அலுமினிய இசைத்தட்டில் பதிந்து வைத்து, பிற்பாடு டொனால்ட் மெக்லீன் கணினியில் மீட்டாரே, அதன் ஒலிக்கோப்பு. படத்தின் சிக்னலே அதில் ஒலியாக இருக்கிறது, அதற்கேற்ப எல்இடி கூடிக் குறைந்து எரியும்.

750 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 750 சுற்று) படம் அசையாமல் நிற்கிறது. ஆனால் ஒரேயடியாகச் சாய்ந்து, சரிவாக இரண்டு கறுப்புப் பட்டை குறுக்கே விழுகிறது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் 703 பக்கம் உருவம் நிமிர்ந்துவிடுகிறது. கால் தூக்கி ஆடுவதுகூடத் தெரிகிறது! ஆனால் நிற்காமல் வலப்பக்கம் நழுவி, இடப்பக்கமாக மறுபடி நுழைகிறது. ஒரு சுற்று வர ஒன்றரை நொடிகூட ஆவதில்லை. மோட்டாரை மாற்றிப் பார்த்தேன், பவர் சப்ளையையும் மாற்றினேன். அதேதான். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

வால்வு ரேடியோ:
தம்பி, மோட்டாரைத் தொடாதீங்க, அது நல்லாத்தான் ஓடுது. 703ஐ 32ஆல் பெருக்கி 60ஆல் வகுத்துப் பாருங்க. 375 வரும். அதுதான் விடை.

டிவி முன்னோடி ஜான் லோகி பேர்ட் காலத்து ஒளிபரப்பு படத்துக்கு 30 கோடு, நொடிக்கு 12.5 படம். ஆக நொடிக்கு 375 கோடு. உங்க தட்டில் இருக்கிற 32 துளை, பிரிட்டனில் 1975இல் தொடங்கிய என்பிடிவி (குறைந்த கோட்டுப் பழைய பாணி டிவி) ஆர்வலர் சங்கத்தின் அளவு. அதிலும் நொடிக்கு 12.5 படம்தான், ஆனா 400 கோடு. ரெண்டுக்குமே தட்டு 750இல் சுத்தணும் என்பதால்தான் நீங்க குழம்பிட்டீங்க.

750இல் ஒரு சுற்றுக்கு ஒரு படம் சரியா வந்து சேருது, அதனால நழுவல. ஆனா 30 கோட்டை 32 துளை பங்கு போடுறதால ஒவ்வொரு கோடும் கொஞ்சம் கொஞ்சமா மேலே ஏறிக்கிட்டே போகுது. அதுதான் சாய்வு. பட்டை எத்தனைன்னு எண்ணினீங்களே, ரெண்டு. 32க்கும் 30க்கும் உள்ள வித்தியாசம் அது. 703இல் கோடெல்லாம் ஒழுங்கா நிக்கும், ஆனா சுற்றுக்கு ரெண்டு துளை மிச்சமாகி அடுத்த படத்தைத் தின்னுடும். அதனால நழுவுது.

சந்தேகம்னா 32 கோட்டுச் சோதனைக் கோப்பைப் போட்டுப் பாருங்க. 750இல் நிமிர்ந்து நிக்கும். நடனம்தான் வேணும்னா 30 துளைத் தட்டு தனியா வேணும். படம் உயரம் 7க்கு அகலம் 3 என்ற ஒல்லியான கட்டம். துளை வட்டத்தின் ஆரம் 14 செ.மீ. என்றால் உயரம் 29 மி.மீ., அகலம் 12.6, துளை 0.42. இவ்வளவு சின்னத் துளை போடும் பிசிபி (சர்க்யூட் போர்டு) டிரில் பிட் கைநடுக்கத்திலேயே உடையும், ஸ்டாண்டு இல்லாம இறங்காதீங்க.

ஒலிப்பதிவு மேசை:
வால்வு ஐயா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கோப்பு எம்பி3யா? ப்ளூடூத் வழியாகப் போகிறதா? இரண்டையும் விட்டுவிடுங்கள். அலைகள் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக வந்தால் காது கண்டுகொள்ளாது. இங்கே பார்ப்பது கண், அதனால் முகத்தின் ஓரமெல்லாம் கலங்கிவிடும். வேவ் கோப்பாக, ஒயரிலேயே கொடுங்கள். எல்இடி டிரைவருக்கு முன்னால், சிக்னல் கடந்துபோகும் கப்ளிங் கபாசிட்டரையும் பாருங்கள். அது சிறிதாக இருந்தால் 12.5 ஹெர்ட்ஸ் பக்கமுள்ளதெல்லாம் அடிபட்டு, படத்தின் ஒரு பக்கம் காரணமில்லாமல் இருண்டுபோகும்.

சுழல்தட்டு:
ஐயா, 32 கோட்டுக் கோப்பு நிமிர்ந்து நின்றது! அதே இரவு ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) 30 துளைத் தட்டை லேசர் பிரிண்ட் எடுத்தேன். ஒரு பிரதியில் வெளிச்சம் கசிந்தது, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். நிற்கும்போது அப்பளம் மாதிரி தொங்குகிறது, வேகம் எடுத்ததும் விறைத்துக்கொள்கிறது. ப்ளூடூத்தையும் எடுத்துவிட்டேன். பெண்கள் வரிசையாக நின்று கால் தூக்குவது தெரிகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் அவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் இடம் வலம் மாறியிருக்கிறதோ என்று தோன்றுகிறது.

வால்வு ரேடியோ:
தட்டை முன்பின்னா மாட்டியிருப்பீங்க. எழுத்து உள்ள சோதனைப் படம் போட்டா உடனே தெரியும். முன்னாலிருந்து பார்த்தா படம் தட்டின் வலப்பக்கம் இருக்கணும், தட்டு இடஞ்சுழியா சுத்தணும், சுருள் வலஞ்சுழியா உள்ளே போகணும். ஷீட்டைத் திருப்பி மாட்டுங்க, போதும்.

சுழல்தட்டு:
திருப்பி மாட்டினேன். எழுத்து நேராக வந்துவிட்டது ஐயா.